உழவர் அங்கியும் வேட்டை அங்கியும்

உழுதொழிலுக்கு ஏர், எருது, மண்வெட்டி, அரிவாள் என்பவை எவ்வளவு இன்றியமையாதனவோ, அத்தொழிலைச் செய்வோர் உடுக்கும் உடையும் அவ்வளவு இன்றியமையாததே. வெயில், மழை, பனி, முள், தூசி ஆகியவற்றினின்று உடலைக் காப்பதும், கைகால்களின் அசைவைத் தடுக்காதிருப்பதும், பல காலம் உழைப்பதும், எளிய விலைக்குக் கிடைப்பதும் தொழிலுடையின் இலக்கணமாம். ஆதலால் அதனையும் உழவுக் கருவிகளுள் ஒன்றாகவே கருதுதல் தகும். எனினும், கலப்பையின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு உழவனது உடையின் வரலாறு எழுதப்பட்டிலது.

பிராக் என்ற சொல்லைக் கேட்டவுடன் இக்காலத்தில் சிறு பெண்குழந்தைகளின் கவுன் ஒன்றே நினைவிற்கு வரும். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அச்சொல் ஆடவர் அணிந்த தளர்ந்த மேலங்கியையும் குறித்தது. இங்கிலாந்தில் வண்டிக்காரரும் ஆட்டிடையரும் ஏராளரும் அணிந்த ஸ்மாக் பிராக் என்னும் அங்கியும், வட அமெரிக்காவின் எல்லைப்புறக் காடுகளில் குடியேறியோர் அணிந்த வேட்டை அங்கியும் அவற்றுள் முக்கியமானவை. இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரியான முரட்டுத் துணியில் வெட்டித் தைக்கப்பட்டவை. ஆயினும் ஒன்று அடக்கமான கூலியாளின் அடையாளமாகவும், மற்றொன்று யாருக்கும் பணியாத குடிமகனின் அடையாளமாகவும் கருதப்பட்டன. இவ்வேற்றுமைக்குக் காரணம் தையலில் இல்லை. உடுத்தவரின் நிலையிலேயே இருந்தது.

அங்கிக்கு உதவிய நார்

இவ்விருவகை அங்கிகளுக்கும் பெரிதும் பயன்பட்டது லினன் துணியாகும். ஆளிவிதை தரும் செடியின் தண்டிலுள்ள நாரிலிருந்தே லினன் நூல் எடுக்கப்படுகிறது. இந்தியாவில் அச்செடி பெரும்பாலும் விதைக்காகவும் எண்ணெய்க்காகவும் பயிராகிறது. ஐரோப்பாவின் குளிர்ந்த நாடுகளிலோ நாருக்காகவே நெருக்கி விதைத்து உயரமாக வளர்ப்பார்கள். செடியை அறுக்காமல் வேரோடு பிடுங்கி, நீரிலோ பனியிலோ ஊறவைத்து, தண்டை நொறுக்கி, தக்கையை உதறித் தள்ளி, எஞ்சிய நாரை இரும்புப் பற்களுள்ள சீப்புகளின் வழியே இழுத்துச் சிக்கெடுப்பர். நீண்ட மெல்லிய நார் உயர்ந்த துணிக்குப் போகும். சீப்பில் தங்கும் குட்டையான முரட்டு நார் சாக்கிற்கும் ஏழைகளின் உடைக்கும் உதவும். இக்குட்டை நாரில் நெய்த துணியே அமெரிக்க வேட்டை அங்கிகள் பலவற்றிற்கு மூலப்பொருளாயிற்று. கம்பளி நூல் ஊடையாகவும் லினன் நூல் பாவாகவும் அமைந்த கலப்புத் துணியும் அங்கே பெருவழக்காயிருந்தது.

இங்கிலாந்தில் சப்போக் மாவட்டத்திலுள்ள ஹேவர்ஹில் என்னும் ஊர் டிராபெட் எனப்பட்ட சாய்கோட்டு நெசவுத் துணிக்குப் பெயர்பெற்றது. அவ்வூரில் 1784இல் தோன்றிய குர்டீன் குடும்பத்தாரின் நெசவுத் தொழில் 19ஆம் நூற்றாண்டில் இத்துணியையும் ஆயத்த அங்கிகளையும் ஏராளமாக விற்றது.

வெட்டும் தையலும்

ஸ்மாக் பிராக்கை வெட்டும் முறை உழவர் சிக்கனத்திற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதில் வளைந்த வெட்டு என்பதே இல்லை. முன்பாகம், பின்பாகம், கைகள், கழுத்துப்பட்டி, தோள்பட்டி ஆகிய யாவும் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ துணியின் நேர்நூலை ஒட்டி வெட்டப்படும். ஆகவே துண்டுத்துணி வீணாவதில்லை. கையைத் தூக்கி வீசும்போது கிழியாதிருக்க அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு மூலைவாட்டில் சேர்த்துத் தைக்கப்படும்.

இவ்வளவு அகன்ற துணி உடலோடு பொருந்தியிருக்க வேண்டுமே! அதற்காக மார்பிலும் முதுகிலும் கைகளின் மேற்பகுதியிலும் மணிக்கட்டிலும் துணியை நெருங்கிய சிறு கொசுவங்களாகச் சுருக்கி, அக்கொசுவங்களின் மேல் தடித்த லினன் நூலால் வரிவரியாகத் தையல் போடுவார்கள். இதுவே ஸ்மாக்கிங் என்னும் சுருக்குத் தையல். இதனைப் பலர் அலங்காரமென்றே எண்ணுவர். உண்மையில் அதன் முதற்பயன் வேறு. சுருக்கிய இடம் கையை நீட்டும்போது விரிந்தும், மடக்கும்போது சுருங்கியும் கொடுக்கும். மேலும், மிகுதியாகத் தேய்கின்ற மார்பிலும் தோளிலும் துணி பல மடிப்பாக நிற்பதால் குளிரும் சாரலும் எளிதில் உட்புகா. அங்கியும் நெடுநாள் உழைக்கும். 18ஆம் நூற்றாண்டின் அங்கிகள் பெரும்பாலும் எளிமையாகவே இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் கொசுவத்தின் இருமருங்கிலும் இலை, சுருள், வட்டம் முதலிய பூவேலைகள் மிகுந்தன.

அங்கிகள் மூவகைப்பட்டன. முன்னும் பின்னும் ஒரேமாதிரியாக இருப்பது வட்ட அங்கி. முன்பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். கழுத்திலிருந்து மார்புவரை மட்டும் திறப்புடையது சட்டை அங்கி. கழுத்திலிருந்து அடிவரை திறந்து பொத்தான் வைத்தது கோட்டு அங்கி. இது வேல்ஸ் எல்லைப்புற மாவட்டங்களில் மிகுதியாக வழங்கியது. வெளுத்த அல்லது வெளுக்காத லினனின் இயல்பான நிறமே பொதுவாயினும், நடுநாட்டு மாவட்டங்களில் நீலமும், கேம்பிரிட்ஜ் பக்கத்தில் கரும்பச்சையும் விரும்பப்பட்டன. வேலைக்கு ஒன்றும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நல்ல வெள்ளை அங்கி ஒன்றுமாக வைத்திருப்பது வசதியுள்ள ஆளின் வழக்கம். சர்ரே, சஸ்ஸெக்ஸ் கிராமங்களில் சவப்பெட்டியைச் சுமந்து செல்வோரும் வெள்ளை அங்கி அணிவதுண்டு.

சக்கரம் தைத்திருந்தால் வண்டிக்காரன், வளைகோல் தைத்திருந்தால் இடையன் என்று பூவேலையைக் கொண்டே தொழிலை அறிந்துகொள்ளலாம் எனப் பல நூல்கள் கூறும். அருங்காட்சிச்சாலைகளில் எஞ்சியுள்ள அங்கிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தோர் இக்கூற்றிற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கின்றனர். பூவேலை, தைத்தவரின் கைப்பழக்கத்தையும் வட்டாரத்தையும் ஒட்டியதே தவிரத் தொழிலை ஒட்டியதாகத் தோன்றவில்லை. இவற்றை ஆராய விரும்புவோர்க்கு 1951இல் ரெடிங் நகரில் நிறுவப்பட்ட ஆங்கிலக் கிராம வாழ்க்கை அருங்காட்சிச்சாலையின் தொகுதி சிறந்த துணையாகும்.

எல்லா அங்கிகளும் மனைவியோ தாயோ வீட்டில் தைத்தவை என்பதும் முழு உண்மையன்று. நியூவார்க் என்னும் சந்தை ஊரில் வணிகர்கள் துணியை வெட்டிச் சுற்றுக் கிராமப் பெண்களிடம் கூலிக்குக் கொடுத்துத் தைத்து வாங்கினர். நியூவார்க் நீல அங்கி என்று அது பெயர்பெற்றது. தையற்கூலி மிகக் குறைவு. எனினும் குளிர்காலத்தில் வயல்வேலை இல்லாத குடும்பங்களுக்கு அதுவே அடுப்பெரித்தது.

நீலமும் தென்னாடும்

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய உழைப்பாளரின் நீல உடைக்கும் இந்திய உழவனுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. பிரான்சு தேசத்துக் குடியானவரும் வண்டிக்காரரும் அணிந்த நீல பிளவுஸ் என்னும் தளர்ந்த அங்கி அந்நாட்டில் உழைப்பாளரின் சின்னமாகவே விளங்கியது. அக்காலத்தில் ஐரோப்பியச் சாயத்தொட்டிகளுக்கு வேண்டிய அவுரி நீலத்தின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறியது. வங்காளமும் பீகாரும் அதில் முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்தில் கடப்பை, தென்னார்க்காடு ஜில்லாக்களிலும் அவுரி மிகுதியாகப் பயிராயிற்று. 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தபின் அச்சாகுபடி விரைவில் சுருங்கியது. தொலைதேசத்துத் தொழிலாளியின் சட்டை நிறம் மாறினாலும், அதைச் செய்யும் வழி மாறினாலும், இங்குள்ள நிலத்தின் பயிர் மாறும் என்பதற்கு இது சான்று.

எல்லைப்புறத்தின் வேட்டை அங்கி

18ஆம் நூற்றாண்டின் நடுவில் வர்ஜீனியா, பென்சில்வேனியா மாகாணங்களின் மேற்கு எல்லையில் காடழித்துக் குடியேறியோர் உழவரும் வேட்டைக்காரருமாய் இருந்தனர். கடைவீதி தொலைவில் இருந்தது. தாமே விளைத்த நாரையும் தாமே வளர்த்த ஆட்டின் கம்பளியையும் கொண்டு வீட்டில் நூற்று நெய்த துணியே அவர்களுக்கு ஆடை. அவர்களது வேட்டை அங்கியின் அமைப்பை, அந்த எல்லைப்புறத்தில் வளர்ந்த ஜோசப் டாட்ரிட்ஜ் என்பவர் 1824இல் வெளியிட்ட நூலில் விரிவாக வருணித்துள்ளார்.

அவர் கூறுவதன் சாரம் இது: அங்கி தொடையின் பாதிவரை தொங்கும்; கைகள் அகலமானவை; முன்புறம் முழுதும் திறந்தது. பொத்தான் கிடையாது. ஓர் அடிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இழுத்து இடைவாரால் கட்டுவர். வாரின் முடிச்சு முதுகுப்புறம் இருக்கும். தோளின்மேல் அகன்ற மேற்போர்வை ஒன்றும், அதன் ஓரத்தில் நூலைப் பிரித்துவிட்ட குஞ்சமும் உண்டு. கட்டிய மார்புப்பகுதி பைபோல் உப்பியிருப்பதால் ரொட்டி, உலர்த்திய இறைச்சி, துப்பாக்கிக் குழலைத் துடைக்கும் நார் ஆகியவற்றை அதனுள் வைத்துக்கொள்வர். இடைவாரில் ஒருபுறம் கைக்கோடரியும் மறுபுறம் தோலுறையிலிட்ட கத்தியும் தொங்கும். சிலர் பதப்படுத்திய மான்தோலில் அங்கி தைத்தனர். ஆனால் மழைக்காலத்தில் அது நனைந்து குளிர்ந்து மிக்க தொல்லை கொடுத்தது. ஆகவே துணியங்கியையே பெரும்பாலோர் விரும்பினர். வால்நட் முதலிய மரங்களின் காய்த்தோலும் பட்டையும் சாயத்திற்கு உதவின; அதனால் உண்டான பழுப்பு நிறம் காட்டில் எளிதில் கண்ணிற்படாது.

இவ்வங்கி நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது 1775ஆம் ஆண்டிலாகும். பிரிட்டிஷ் அரசோடு போர் மூண்டவுடன், அமெரிக்கக் காங்கிரஸ் அவ்வாண்டு ஜூன் 14ஆம் நாள் பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய இடங்களிலிருந்து குறிதவறாத துப்பாக்கி வீரரின் படைப்பிரிவுகளைத் திரட்டத் தீர்மானித்தது. அவர்கள் தத்தம் வேட்டை அங்கியோடே பாஸ்டன் நகரை நோக்கி நடந்தனர். வர்ஜீனியாவில் அரசின் பக்கத்தார் இத்தகையோரைச் சட்டைக்காரர் என்று ஏளனமாக அழைத்தனர். ஏளனப்பெயரே பின்பு பெருமைப்பெயராயிற்று.

படைத்தலைவரான ஜார்ஜ் வாஷிங்டன் 1775 ஜூலையில் காங்கிரசுக்கு எழுதியபோது 10,000 வேட்டை அங்கிகளுக்குக் குறையாமல் வேண்டும் என்று கேட்டார். செலவு குறைவு என்பது ஒரு காரணம். வெவ்வேறு மாகாணத்தார் ஒரே உடை அணிந்தால் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட பொறாமை நீங்கி ஒற்றுமை உண்டாகும் என்பது மற்றொரு காரணம். வேண்டிய அளவு முரட்டு லினன் கிடைக்காமையால் அம்முறை அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. 1776 ஜூலையில் அவர் பிறப்பித்த கட்டளையில் மீண்டும் இவ்வங்கியைப் பரிந்துரைத்தார். வெயிலில் இது குளிர்ச்சி தரும். குளிரில் உள்ளே வேறு ஆடை அணிந்தால் வெப்பம் தரும். இதை அணிந்தோர் யாவரும் குறிதவறாதவர் என்று பகைவர் அஞ்சுவர் என்பன அவர் காட்டிய நியாயங்கள்.

ஆனால் இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. அதே நாட்டில், அதே முரட்டு லினன் துணிதான் பண்ணைகளில் அடிமைப்பட்டு உழைத்த கறுப்பினத்தாருக்கும் ஆண்டாண்டுதோறும் அளந்து கொடுக்கப்பட்டது. தன் நிலத்தில் உழைத்தவனுக்கு விடுதலைக் கொடியாக விளங்கிய துணி, பிறன் நிலத்தில் கட்டாயத்தால் உழைத்தவனுக்கு அடிமையின் முத்திரையாயிற்று.

அங்கியும் கூலியும்

இங்கிலாந்தின் நிலை வேறு. அங்கே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியார் வசமாயின. ஒரு பசுவையோ சில வாத்துகளையோ பொதுநிலத்தில் மேய்த்துப் பிழைத்த சிறு குடியானவர், வாரக்கூலி ஒன்றையே நம்பும் ஆட்களாயினர். ஸ்மாக் பிராக் மிக அழகாகத் தைக்கப்பட்ட காலமும், அதனை உடுத்தவர் மிக வறுமையுற்ற காலமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன என்பது சிந்திக்கத்தக்கது.

ஆண்டுதோறும் கூடிய ஆள்பிடிச் சந்தைகளில் கூலியாட்கள் வரிசையாக நிற்க, பண்ணையார்கள் வந்து பேசி அமர்த்திக்கொள்வார்கள். தாமஸ் ஹார்டி 1874இல் வெளியிட்ட புதினம் ஒன்றில், தன் மந்தையை இழந்த ஓர் இடையன், காரியஸ்தர் வேலை தேடி நல்ல மேற்கோட்டோடு சந்தையில் நிற்கிறான், யாரும் அமர்த்தவில்லை. அக்கோட்டைக் கொடுத்து இடையர் அணியும் ஸ்மாக் பிராக்கை மாற்றிக்கொள்கிறான். அதன்பின் வருவோர் காரியஸ்தரையே தேடுகின்றனர்! உடையைக் கொண்டே ஆளின் தகுதியை அளந்த காலத்தை இக்கதை நன்கு காட்டும். நகரத்தார் நாட்டுப்புறத்து ஆளை ஹாட்ஜ் என்று பொதுப்பெயரிட்டு, அங்கியணிந்த மந்தபுத்தியுள்ளவனாகச் சித்திரித்து நகைத்தனர்.

1830ஆம் ஆண்டு கோடையின் இறுதியில் கெண்ட் மாவட்டத்தில் தொடங்கிய கலகம் தென் இங்கிலாந்து முழுதும் பரவியது. கதிரடிக்கும் இயந்திரங்களைக் கூலியாட்கள் உடைத்தெறிந்தனர். குளிர்காலத்தில் தடிகொண்டு கதிரடிக்கும் வேலையே அவர்களுக்குக் கஞ்சி வார்த்தது. ஸ்காட்லாந்தில் ஆண்ட்ரு மெய்க்கில் 1786 அளவில் அமைத்த இயந்திரத்தின் வழிவந்தவை அவ்வேலையைப் பறித்தன. கலகத்திற்காக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறத்தாழ 500 பேர் குடும்பத்தைப் பிரிந்து ஆஸ்திரேலியப் பக்கத்திற்குக் கப்பலேற்றப்பட்டனர். நாற்பதாண்டுகளுக்குப்பின் 1872 பிப்ரவரியில் வாரிக்ஷயர் மாவட்டத்து வெல்ஸ்போர்ன் கிராமத்தில், வேலி திருத்துவதில் வல்லவரான ஜோசப் ஆர்ச் என்பவரின் பேச்சைக் கேட்கப் பண்ணையாட்கள் பெருந்திரளாகக் கூடினர். அதிலிருந்து பண்ணைத்தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாரத்திற்கு 16 ஷில்லிங் கூலி என்பது அவர்கள் கோரிக்கை. ஆர்ச் 1885இல் பார்லிமெண்டு உறுப்பினரும் ஆனார்.

அவ்விளைய தலைமுறை அங்கியை விரும்பவில்லை. தந்தையின் தாழ்வை நினைவூட்டிய உடையை மகன் களைந்தான். தையல் இயந்திரத்தால் மலிந்த ஆயத்தச் சட்டையும் கோட்டும் சந்தைக்கு வந்தன. இரயில் ஏறி நகரத்திற்குச் சென்றோர் நகர உடை பூண்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதியோர் சிலரே அங்கியோடு காணப்பட்டனர். அதே வேளையில் செல்வர் வீட்டுக் குழந்தைகளின் கவுன்களில் அச்சுருக்குத் தையல் நாகரிகமாகப் புகுந்தது. உழைப்பாளி கைவிட்டதை ஓய்வுடையோர் எடுத்துக்கொண்டனர்.

இயந்திரத்தின் முன் தளர்ந்த உடை

அங்கி மறைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அதுவே இக்காலத்து உழவர் கருத்தூன்றி நோக்கத்தக்கது. கையால் செய்யும் வேலைக்குத் தளர்ந்த உடை நன்மை. சுழலும் சக்கரத்தின் அருகே அதுவே யமன். அங்கியின் தொங்கும் ஓரமும் அகன்ற கையும் பட்டையிலும் பற்சக்கரத்திலும் சிக்கின. இயந்திரத்தின் வாயில் கைகால்களை இழந்தோர் பலராதலின், 1878இல் இங்கிலாந்தில் கதிரடி இயந்திரச் சட்டம் இயற்றப்பட்டு, உருளையும் கதிர் ஊட்டும் வாயும் காப்பிட்டு மூடப்படவேண்டும் என விதிக்கப்பட்டது. 1897இல் தட்டை நறுக்கும் இயந்திரங்களுக்கும் சட்டம் வந்தது.

இந்தியாவிலும் விசைக் கதிரடிப்பான்களால் நேர்ந்த விபத்துகளை முன்னிட்டு, ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் நிறைவேற்றப்பட்டது. ஆயினும் சட்டம் களத்துமேட்டில் நின்று காவல் காக்காது. டிராக்டரின் பின்புறத்து விசைத்தண்டு பொதுவாக நிமிஷத்திற்கு 540 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் என்று கொண்டால், துண்டின் நுனி ஒன்று சிக்கிய ஒரே வினாடியில் ஏறக்குறைய ஒரு மீட்டர் துணி சுற்றிக்கொள்ளும். கூவி அழைக்கவும் நேரமிராது.

ஆதலின் நிலமுடையோர் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நன்று:

கதிரடிப்பான், கரும்பு ஆலை, தட்டை நறுக்கி ஆகியவற்றின் அருகில் தோளில் துண்டு கூடாது. வேட்டியைக் கச்சமாக வரிந்து கட்டவேண்டும். இன்றேல் அரைக்கால் சட்டை அணியவேண்டும். சட்டையின் கைகள் ஒட்டியிருக்கவேண்டும்.

பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகி, கூந்தலை முடிந்து, மேலே ஆடவர் சட்டை ஒன்றை அணிந்துகொள்ளுதல் நலம். அச்சட்டையைப் பண்ணையாரே வாங்கிக் கொடுத்தல் கடமை.

கதிர் ஊட்டும் சரிவுப்பாதை 90 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும், பாதியேனும் மூடியும் உடையதாயிருக்க வேண்டும். விசைத்தண்டின் உறை உடைந்திருந்தால் புதியது பொருத்தும்வரை இயந்திரத்தை ஓட்டலாகாது.

அடைப்பை நீக்குமுன் இயந்திரத்தை நிறுத்துதல் வேண்டும். களைத்தவரையும் மது அருந்தியவரையும் சிறுவரையும் இயந்திரத்தண்டை விடுதலாகாது.

வாடகை இயந்திரங்கள் ஊருக்குள் வரும் அறுவடைக்காலத்தில், கிராம அதிகாரிகள் இவ்விதிகளைக் களந்தோறும் எடுத்துரைப்பது பயன்தரும்.

ஓர் இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் இரண்டு நல்ல சட்டைகளின் விலை ஒரு பொருட்டன்று. உழைப்பாளிக்கு ஏற்ற உடையை அளிப்பதில் செலவைப் பார்க்கும் பண்ணை, அவனது கையையும் உயிரையும் செலவு செய்கிறது. இங்கிலாந்தின் பண்ணையார்கள் தங்கள் ஆட்களின் அங்கியிலிருந்த பூவேலையைக் கண்டு மகிழ்ந்தனர். அதனுள் இருந்த உடலின் நலத்தைக் காண நெடுங்காலம் தவறினர். அத்தவறு இந்நாட்டுக் களங்களில் நிகழாதிருப்பது நிலமுடையோர் கையிலேயே இருக்கிறது.